குரல் போன அறிவிப்பாளர் எழுதிய வலைப்பூ

ரயில் நிலையத்தில் அவருக்கு 'மைக்' என்றுதான் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வண்டி வருவதையும் போவதையும் தாமதமாவதையும் ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. கனத்த, தெளிவான குரல். அந்தக் குரலின் மேல் ஊருக்கு எவ்வளவு மரியாதையோ தெரியாது, அவருக்குக் கொள்ளைக் கர்வம். வண்டி ரத்து என்று தான் சொன்னால்கூட யாருக்கும் கோபம் வராது என்று அவரே சொல்லிக்கொள்வார். வீட்டிலும் அதே தோரணைதான். சாப்பாடு தயாரா என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்து கை கழுவப் போவார்கள் என்று அவர் மனைவி கேலி செய்வார்.

அந்தக் குரல் ஒருநாள் கம்மியது. சளி என்று நினைத்தார். மருந்துக்கடை மாத்திரை, வெந்நீர், ஓய்வு என்று நாளைக் கடத்தினார். கடைசியில் மனைவி வேலை பார்க்கிற பல் மருத்துவமனையின் டாக்டர்தான் அதட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அங்கே குழாய் விட்டுப் பார்த்தார்கள், துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு உட்கார வைத்துச் சொன்னார்கள். குரல்வளையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார். வைத்திருந்தால் ஆளும் போவார், குரலும் போகும்.

எடுத்துவிட்டார்கள்.

கண் விழித்தபோது கழுத்தின் அடியில், சட்டையின் முதல் பொத்தான் வருகிற இடத்தில் ஒரு துளை. இனி மூச்சு அதன் வழியாகத்தான். வாய் சாப்பிட மட்டும். மூக்கு கண்ணாடி மாட்டிக்கொள்ள. பேசுவதற்கு டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி கொடுத்தார்கள். அதைக் கழுத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்தால், தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு தமிழ் பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அவர் அதை ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு அலமாரியில் வைத்து மூடினார். கையில் ஒரு சின்னப் பலகையும் பேனாவும் போதும் என்றுவிட்டார். துளையை ஒரு மெல்லிய துணியால் மறைத்து, மேலே காலர் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் குளிக்கப் போனார். ஸ்டூலில் உட்கார்ந்து சொம்பில் தண்ணீர் மொண்டுவிட்டார். அதற்கு மேல் கை நகரவில்லை. தண்ணீர் அந்தத் துளைக்குள் போனால் நேரே நுரையீரல். கதவைத் தட்டி, ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை எடுத்துவரச் சொல்லிப் பலகையில் எழுதி இடுக்கு வழியாக நீட்டினார். மனைவி வெளியில் நின்று படித்துச் சொன்னார்: "நீர் உட்புகாவண்ணம் தக்க முன்னெச்சரிக்கை மேற்கொள்ளவும்." அந்தத் 'தக்க' என்னவென்று தாளில் இல்லை. மனைவி போனில் தேடிப் பார்த்தார். தமிழில் தேடினால் தொண்டை கட்டினால் என்ன குடிக்கலாம் என்று வந்தது, இனிமையான குரலுக்குப் பத்துப் பயிற்சி என்று வந்தது, குளியலறை ஓடு விற்கிற கடை வந்தது. கழுத்தில் துளை உள்ளவன் எப்படிக் குளிப்பது என்று மட்டும் ஒரு ஜீவன் எழுதியிருக்கவில்லை.

கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிளாஸ்டிக் பையை வெட்டிக் குழந்தைக்குச் சாப்பாட்டுத் துணி கட்டுகிற மாதிரி கழுத்தில் கட்டி, தோளுக்குக் கீழே மட்டும் தண்ணீர் ஊற்றி, தலையைத் தனியாகக் குனிந்து கழுவி, ஒரு வழியாகக் குளியல் முடிந்தது. தலை துவட்டிக்கொண்டே அவர் பலகையில் எழுதினார்: 'யாரும் எழுதலைன்னா நான் எழுதறேன்.' அடியில் அழுத்தமாக ஒரு கோடு.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் ஆரம்பித்த விதம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும்.

இணையத்தில் இலவசமாக இடம் கொடுக்கிற நிறுவனம் ஒன்றில் வலைப்பூ திறந்தார். 'ஊமைக் குயிலின் உள்ளக் கிடக்கை' என்று பெயர் வைத்தார். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, மேலிருந்து கீழே விழுந்துகொண்டே இருக்கிற நட்சத்திரங்கள். பக்கத்தைத் திறந்தால் தானாகப் புல்லாங்குழல் வாசிக்கும். வாய் அடைபட்ட மனிதருக்கு எழுத்தில் மடை திறந்தது. மழையைப் பற்றி எழுதினார். அரசியலைப் பற்றி எழுதினார். பொறுமையைப் பற்றி மூன்று பாகம். நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு. பக்கத்தின் மூலையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற எண் ஒன்று இருந்தது. அதைப் பார்ப்பதற்காகவே அடிக்கடி திறப்பார். திறக்கிற ஒவ்வொரு தடவையும் அது ஒன்று கூடும். வாசகர்கள் பெருகுகிறார்கள் என்று மகிழ்ந்துபோனார்.

குளிப்பதைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அது சின்ன விஷயமாகப் பட்டது.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவியின் தங்கை வந்தார். சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போட்டதால் குடும்பத்தில் அவருக்கு 'வக்கீல்' என்று பெயர். உண்மையில் கோர்ட்டுப் பக்கமே போனதில்லை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கிற கம்பெனியில், வாங்கியவர்கள் தடுமாறினால் பார்ப்பதற்கான உதவிப் பக்கங்களை எழுதுகிற வேலை. மெஷின் குலுங்குகிறதா, முதலில் நாலு காலும் தரையில் படுகிறதா பாருங்கள் என்கிற மாதிரி.

அத்தான் பெருமையாக அனுப்பிய முகவரியை வக்கீல் தன் போனில் திறந்தார். புல்லாங்குழல் கிளம்பியது. பக்கத்து வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்து அக்கா ஜன்னலை எட்டிப் பார்த்தார். வக்கீல் போனைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், நட்சத்திரத்துக்கு நடுவில் எழுத்தைத் தேடினார். பொறுமையைப் பற்றிய முதல் பாகத்தைப் பாதி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அத்தான், இது யாருக்கு?"

அவர் பலகையில் எழுதிக் காட்டினார்: 'எல்லாருக்கும்.'

"எல்லாரும்னு ஒருத்தர எனக்குத் தெரியாது. ஒரே ஒரு ஆளக் காட்டுங்க. அவர் இப்ப எங்க உக்காந்திருக்கார்? கையில என்ன வெச்சிருக்கார்? என்ன கஷ்டத்துல உங்க பக்கத்தத் தேடி வர்றார்?"

அவர் பேனாவைச் சும்மா மூடித் திறந்தார். வக்கீல் விடுகிற ஜாதி இல்லை.

"வண்டி வருதுன்னு மைக்ல சொல்றப்ப, முதல்ல வானத்த வர்ணிச்சிட்டா நடைமேடை நம்பர் சொன்னீங்க?"

அக்கா சிரித்துவிட்டார். அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. குரல் இருந்திருந்தால் அன்றைக்கு வீடு இரண்டுபட்டிருக்கும். இல்லாததால் எழுந்துபோய் அறைக்கதவை அறைந்து சாத்தினார். அந்த நாட்களில் அவரால் சத்தம் போட முடிந்தது கதவு மூலமாக மட்டும்தான்.

ஒரு வாரம் மச்சினியின் செய்திகளுக்குப் பதில் போடவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ரயில்வே அவரைக் கைவிடவில்லை. தொலைந்த பொருள்கள் அறைக்கு மாற்றியிருந்தது. குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாரோ மறந்துவிட்டுப்போன பல் செட் ஒன்று, இவற்றுக்கு நடுவில் ஒரு மேஜை. அங்கிருந்து கேட்டால் நிலையத்து ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்கும். அவர் இடத்துக்கு வந்த புது ஆள் ரசனைக்காரர். வண்டியை அறிவிக்கும் முன் பயணிகளை வாழ்த்துவார், வானிலையை விசாரிப்பார், வண்டியின் புகழைப் பாடுவார். ஒரு பிற்பகல் அவர் பாடி முடித்து நடைமேடை எண்ணுக்கு வந்த நேரம், வண்டியே உள்ளே வந்துவிட்டது. அது போட்ட சத்தத்தில் எண் காணாமல் போனது. இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மூச்சிரைக்க இவர் ஜன்னலுக்கு ஓடிவந்தார். எந்த நடைமேடை என்று கேட்பதற்குக்கூட அவருக்கு மூச்சு போதவில்லை. அந்த நேரத்து வண்டி எதில் நிற்கும் என்பது மனப்பாடமாகத் தெரிந்த இவர், பலகையில் பெரிதாக '5' என்று எழுதிக் காட்டினார். அவர் ஓடினார்.

அவர் போன திசையையே நம்ம ஆள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு போனை எடுத்து வக்கீலுக்கு அனுப்பினார்: 'குளியலறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். கையில் சொம்பு. பயந்துபோய் இருக்கிறான்.'

உடனே பதில் வந்தது: 'அவருக்கு எழுதுங்க. ஞாயிறு வர்றேன்.'

அந்த ஞாயிறு முழுக்க அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இடிப்பு வேலை நடந்தது. நட்சத்திரம் போனது, புல்லாங்குழல் போனது, கறுப்பு வெள்ளையானது, எழுத்து பெரிதானது. ஊமைக் குயிலை விட்டுக்கொடுக்கத்தான் அவருக்கு மனசே வரவில்லை. பயந்துபோனவன் போனில் குயிலையா தேடுவான் என்று வக்கீல் கேட்டார். என்ன தேடுவான் என்று அவர் எழுதிக் கேட்க, 'கழுத்தில் துளை' என்று தேடுவான், 'குரல்வளை எடுத்த பிறகு' என்று தேடுவான், அந்த வார்த்தைதான் தலைப்பில் இருக்க வேண்டும் என்றார். 'கழுத்து வழியாக மூச்சு' என்று பெயர் வைத்தார்கள். கவிதை இல்லைதான். ஆனால் பார்த்தவுடன் புரிந்தது.

முதல் பதிவு குளியல். நாலு தடவை எழுதினார். முதல் தடவை தண்ணீரின் தத்துவம் உள்ளே வந்துவிட்டது. வக்கீல் அதை எடுக்கச் சொன்னார். இரண்டாவது தடவை தன்னிரக்கம். அதையும் அவரே எடுத்தார். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: முதலில் என்ன கட்டுவது, எப்படி உட்காருவது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும், தவறி உள்ளே போய்விட்டால் என்ன செய்வது. கட்டுகிற விதத்தை மனைவி படம் வரைந்து கொடுத்தார். மனைவிக்கு வரைய வரும் என்பது கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

போடுவதற்கு முன், எழுதியதை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று அவராகவே முடிவு செய்தார். உடம்பு விஷயம், நான் எழுதி எவனாவது செத்தால்? அந்த அம்மா படித்துவிட்டு இரண்டு இடத்தில் திருத்தினார். பிளாஸ்டிக் பை வேண்டாம், கழுத்தோடு ஒட்டிக்கொண்டால் மூச்சே அடைத்துவிடும், இதற்கென்றே ரப்பர் கவசம் இருக்கிறது என்றார். தாங்கள் இத்தனை நாள் செய்ததே ஆபத்து என்று தெரிந்ததும் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதையும் பதிவிலேயே எழுதிவிட்டார்: நாங்கள் இப்படிச் செய்தோம், அது தப்பு, நீங்கள் செய்யாதீர்கள். அந்த அம்மா அதோடு விடவில்லை. பேசும் கருவியை ஏன் அலமாரியில் வைத்திருக்கிறீர்கள், மற்றவர்களுக்கு வழி சொல்கிறவர் முதலில் அதைப் பழகுங்கள் என்று பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மறுக்க அவரிடம் நியாயம் இல்லை.

தினமும் எழுதுகிறேன் என்று துள்ளிய மனிதரை வக்கீல் அடக்கினார். மூச்சு வாங்குகிற வேகத்தில் ஓடினால் வழியில் உட்கார்ந்துவிடுவீர்கள், வாரம் ஒன்று போதும், ஆனால் அந்த நாள் தப்பக் கூடாது என்றார். வியாழக்கிழமை என்று வைத்தார்கள். உடம்பு முடியாத வாரத்துக்கென்று எப்போதும் இரண்டு மூன்று பதிவுகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். எழுதியதையெல்லாம் நகல் எடுத்து வீட்டில் ஒரு பிரதி வைக்கச் சொன்னார். இதை மட்டும் அவர் சலிப்போடுதான் செய்தார். பெட்டிக்குள் பெட்டி வைத்துப் பூட்டுகிற வேலையாக அது அவருக்குப் பட்டது.

மாதக்கணக்கில் ஒரு ஈ காக்கை வரவில்லை. மனைவி வந்தார், மச்சினி வந்தார், எங்கிருந்தோ ஓடு விற்கிற ஒருவர் வந்து விளம்பரம் போட்டுவிட்டுப் போனார். அவர் விடவில்லை. இருமல் வந்தால் வாயைப் பொத்தாதே, கழுத்தைப் பொத்து என்று எழுதினார். சூடான டீயை ஊதிக் குடிக்க முடியாது, வாயில் காற்றே இல்லை, அதனால் இரண்டு தம்ளரில் மாற்றி மாற்றி ஆற்று என்று எழுதினார். கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியாது, வீட்டில் இருப்பவர்களை முகர்ந்து பார்க்கச் சொல் என்று எழுதினார். மூலையில் இருந்த அந்த வருகை எண்ணை வக்கீல் எடுத்துவிட்டிருந்தார். கை அரிக்கும்போதெல்லாம் எண்ணைத் தேடுவார், இருக்காது, அடுத்த பதிவைத் திருத்த உட்கார்ந்துவிடுவார். யாரும் படிக்காததை எதற்கு இப்படி இழைத்து இழைத்து எழுதுகிறீர்கள் என்று மனைவியே ஒருநாள் கேட்டார். படிக்கிறவன் இன்னும் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறான், வெளியே வரும்போது இது இருக்க வேண்டும் என்று எழுதிக் காட்டினார்.

முதல் கேள்வி வந்த நாள் அவர் வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்தார். யாரோ ஒருவர், பெயர்கூடப் போடவில்லை. 'ஐயா, எனக்கு வீட்டில் தனியாகத் தூங்க பயமாக இருக்கிறது. தூக்கத்தில் போர்வை கழுத்தை மூடிவிட்டால்?' அவருக்கும் இருந்த பயம்தான். எழுத வெட்கப்பட்டு விட்டிருந்தார். அன்றைக்கே இரண்டு வரி பதில் போட்டார், பயிற்சி அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த வியாழன் முழுப் பதிவாகப் போட்டார். அதன் கீழே நாலு கேள்வி வந்தது. என்ன எழுதுவது என்று அவர் யோசித்த நாட்கள் அதோடு முடிந்தன. கேட்டவர்களே எழுத வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் போட்டார். பழைய பதிவில் விடை இருந்தால் வழி காட்டினார், தெரியாததைத் தெரியாது என்றார். ஒரு வருஷம் போனதும் எங்கெங்கோ இருந்த தமிழர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் சேர்ந்த இடத்துக்குக் கடைக்காரர் வருவது இயல்புதானே. குரல் மீட்கும் லேகியம் தயாரிக்கிற ஒருவர் எழுதினார். பணிவான, மணக்க மணக்க எழுதிய கடிதம். பக்கத்தின் மேலே லேகியத்தின் படம் வந்தால் போதும், மாதாமாதம் தொகை வந்துவிடும். ஐயா ஒரு வார்த்தை சிபாரிசு செய்தால் இன்னும் விசேஷம்.

மனைவி அதை இரண்டு தடவை படித்தார். கழுத்துக்கு வைக்கிற வடிகட்டி, கருவிக்கு பேட்டரி, எல்லாமே விலை கூடியவை. பல் மருத்துவமனையில் நாள் முழுக்க போன் எடுத்துவிட்டு வந்து, வீட்டிலும் அவருக்காக எல்லா போனையும் எடுப்பவர் அவர்தான். அலுத்துப்போயிருந்தார்.

"நல்லதுன்னு நாம சொல்ல வேண்டாமே. படம் மட்டும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும். வேணும்கறவங்க வாங்கட்டும், வேண்டாம்னா விடட்டும்."

அவர் பலகையை எடுக்கவில்லை. கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்தார். பயிற்சி எடுத்திருந்தாலும் வீட்டில் அதில் பேசியதில்லை. மனைவியிடம் அந்த வண்டுச் சத்தத்தில் பேச அவருக்குக் கூச்சம்.

"குரல்வளையே இல்ல. லேகியம் எதைப் போய் மீட்கும்? நம்ம பக்கத்துல இருந்தா நம்பி வாங்குவாங்க. வாங்கிக் குடிச்சிட்டு, திரும்ப வரும் திரும்ப வரும்னு உக்காந்திருப்பாங்க. நானா இருந்தா உக்காந்திருப்பேன்."

மனைவி அந்தச் சத்தத்தில் அவ்வளவு நீளமாக அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்கிறார். "புரியுதுங்க," என்றார். "தெளிவாத்தான் இருக்கு." எதைச் சொன்னார் என்று இருவருமே விளக்கிக்கொள்ளவில்லை.

வேண்டாம் என்று பதில் போட்டதோடு அவர் நிற்கவில்லை. அடுத்த வியாழன், 'குரல்வளை எடுத்த பிறகு மருந்து சாப்பிட்டால் குரல் திரும்புமா?' என்று தலைப்புப் போட்டு, முதல் வரியிலேயே 'திரும்பாது' என்று எழுதினார். யார் பெயரையும் சொல்லவில்லை. ஏன் திரும்பாது என்பதற்கு மனைவி வரைந்த படம். வேறு எந்தெந்த வழிகளில் பேசலாம் என்பது கீழே.

அந்தப் பதிவு காட்டுத்தீயாகப் பரவியது. கூடவே வசவும் வந்தது. ஒரே நாளில் எங்கிருந்தோ ஆட்கள் திரண்டு வந்து, இவர் நோயாளியே இல்லை, வேஷக்காரர், வெளியார் பணத்தில் எழுதுகிறார் என்று ஏசினார்கள். ஒருவர் அவர் கழுத்துத் துளையையே அசிங்கமாகக் கிண்டல் செய்தார். அவர் ராத்தூக்கம் கெட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதத் தயாரானார். வக்கீல் தடுத்தார். சந்தேகம் கேட்கிறவருக்கு எத்தனை தடவையானாலும் சொல்லுங்கள், சண்டைக்கு வருகிறவருக்கு ஒரு எழுத்துகூடக் கொடுக்காதீர்கள், நீக்கிவிட்டு நகருங்கள் என்றார். பயந்துபோய் வருகிறவன் முதலில் பார்ப்பது பதிவை, அடுத்து அதன் கீழே இருப்பதை. அங்கே சாக்கடை ஓடினால் உள்ளே வரமாட்டான் என்றார். அவர் அப்படியே செய்தார். இனி பார்த்துத்தான் கருத்துகளை வெளியிடுவது என்றும் வைத்துக்கொண்டார்.

ஏசிப் பயனில்லை என்றதும் வேறு வழியில் வந்தார்கள். வலைப்பூ நிறுவனத்திடம் கூட்டமாகப் புகார் கொடுத்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பக்கத்தைத் திறந்தால் அங்கே ஒன்றும் இல்லை. விதிகளை மீறியதால் நீக்கப்பட்டது என்று ஒரு வரி. எந்த விதி என்று இல்லை. இலவசமாக இடம் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதினார். உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம் என்று இயந்திரம் பதில் போட்டது.

அவர் தொலைந்த பொருள்கள் அறையில் அன்று முழுவதும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு அம்மா குடையைத் தேடி வந்து, எதிரே தொங்கியதைத் தானே எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவ்வளவு கேள்விகள், அவ்வளவு பதில்கள். முதல் முதலாகக் கேட்ட அந்தப் பெயரில்லாதவர், பாதியில் கேள்வியோடு நிற்கிற ஒரு தாத்தா, நாளைக்கு ஆபரேஷன் என்று எழுதியிருந்த ஒரு பெண். அவர்கள் வந்து பார்த்தால் சுவர்.

வீட்டுக்குப் போனபோது வக்கீல் வந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மட்டும் எதிர்க்கேள்வி எதுவும் போடவில்லை. வீட்டுப் பிரதி எங்கே என்றார். அவர் எடுத்துக்கொடுத்தார். பதிவுகள் எல்லாம் இருந்தன, படங்கள் எல்லாம் இருந்தன. கேள்வி பதில்கள்கூடக் கடைசி வாரம் தவிர மிச்சமெல்லாம் இருந்தன. சலித்துக்கொண்டே செய்த வேலை.

"இந்த தடவ வாடகை வீடு வேண்டாம் அத்தான். சொந்த முகவரி வாங்கிடுவோம். யாரும் ராவோட ராவா காலி பண்ணச் சொல்ல முடியாது."

அவர் கருவியை வைத்துக் கேட்டார்: "வியாழனுக்குள்ள முடியுமா?"

முடிந்தது. மூவருமாக உட்கார்ந்தார்கள். வக்கீல் பக்கத்தைக் கட்டினார், மனைவி படங்களை ஏற்றினார், அவர் ஒவ்வொரு பதிவாக ஒட்டிக்கொண்டே போனார். ஒட்டும்போது படித்தார். பழையதில் பிசகாக இருந்ததைத் திருத்தினார், நீட்டியிருந்ததை வெட்டினார். தன்னிடம் மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தவர்களுக்கெல்லாம் புது இடத்தைச் சொல்லி எழுதினார். நல்லவேளை, முகவரி கேட்டு வாங்கி வைக்கச் சொன்னதும் வக்கீல்தான். வியாழன் காலையில் பக்கம் திறந்தது. முதலில் வந்தவர், நாளைக்கு ஆபரேஷன் என்று எழுதியிருந்த பெண்ணின் அண்ணன். தங்கை கண் விழித்துவிட்டாள், குளிப்பது எப்படி என்ற பதிவு எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தார்.

வழக்கமான வியாழக்கிழமைகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. லேகியக்காரர் வேறு சந்தைக்குப் போய்விட்டார். அப்படியிருக்கும்போது ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

அவருடைய அப்பாவுக்கும் குரல்வளை எடுத்திருந்தது. தெருவில் மயங்கி விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் அவசரமாக ஆக்சிஜன் மூடியை அப்பாவின் வாயிலும் மூக்கிலும் வைத்தார்கள். மகள் கத்தினார், அங்கே இல்லை, கழுத்தில் வையுங்கள் என்று. பதற்றத்தில் உளறுகிறார் என்று நினைத்து ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அவர் போனை எடுத்து, 'கழுத்து வழியாக மூச்சு விடுபவர் மயங்கினால்' என்ற பதிவைத் திறந்து, முதல் படத்தை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். வாயில் ஒரு பெருக்கல் குறி, கழுத்தில் ஒரு வட்டம். அடியில் ஒரே வரி: மூச்சு இங்கே. அவர்களில் ஒருவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் மூடியைக் கழுத்துக்கு மாற்றினார். அப்பா இப்போது வீட்டில் இருக்கிறார், டீ ஆறவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்று முடித்திருந்தார்.

மனைவியும் அவரும் அதை ஒரே நாற்காலியில் நெருக்கிக்கொண்டு படித்தார்கள். மனைவி அழுதார். அவரும் அழுதார், குரல்வளை இல்லாத அழுகையில் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு மனைவி எழுந்துபோய் அந்தப் படத்தைத் திறந்து, வட்டத்தை இன்னும் கொஞ்சம் தடிமனாக்கினார்.

அந்த ஆம்புலன்ஸ்காரர்கள் தங்கள் பயிற்சிக் கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சில வாரம் கழித்து அங்கிருந்து பயிற்சித் தலைவர் எழுதினார். படத்தை அச்சடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக, ஆனால் ஒரு வரிகூட மாற்றக் கூடாது என்று இவர் பதில் போட்டார். அப்படியென்றால் நேரில் வந்து பேசுங்கள் என்றார்கள்.

நீளமான அறை. மேஜைகளைச் சுவரோரம் தள்ளி, தரையில் ரப்பர் பொம்மைகளைக் கிடத்தியிருந்தார்கள். சீருடை போட்ட இளைஞர்களும் பெண்களும் அரைவட்டமாக நின்றார்கள். ஒலிபெருக்கியில் லட்சம் பேருக்குச் சொன்ன மனிதர் அந்தச் சின்னக் கூட்டத்தைப் பார்த்ததும் காலர் பொத்தானைத் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டார். கருவியைக் கழுத்தில் வைத்தார். தகரச் சத்தம் அறையில் ஓடியதும் பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவருக்குக் கேட்டது. நிறுத்தவில்லை. யார் மயங்கியிருக்கிறார், மூச்சு எங்கே, மூடி எங்கே, எதை மூடக் கூடாது. அந்த வரிசையில் சொல்லி முடித்தார்.

கேள்வி உண்டா என்று பயிற்சித் தலைவர் கேட்டார். பின்வரிசையில் நின்ற ஒரு பெண் கை தூக்கினார்.

"சார், சட்டைக் காலர் மூடியிருக்கு, உள்ள துணி வேற. இவர் கழுத்தால மூச்சு விடறவர்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கறது?"

 பதிவில் அவர் இதை எழுதவில்லை. படத்தில் இருந்தவர் சட்டையே போடாத கோட்டோவியம். பக்கத்தில் எங்குமே தன் முகமோ கழுத்தோ வராமல் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரும் பயிற்சி அம்மாவும் மனைவியும் தவிர வேறு யாரும் அந்த இடத்தைப் பார்த்தது கிடையாது, மச்சினிகூட.

"கழட்டிப் பாக்கணும்," என்றார். "முதல்ல பொத்தான். அப்புறம் துணி." சொல்லிவிட்டுக் கருவியை மேஜையில் வைத்தார். காலர் பொத்தானைக் கழற்றினார். துணியை விலக்கினார். கிட்டே வரச் சொல்லிக் கையால் கூப்பிட்டார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் எட்ட நின்று பார்த்தார்கள், அவர்களை இன்னும் கிட்டே இழுத்தார். கேள்வி கேட்ட பெண் குனிந்து, உள்ளங்கையைத் துளைக்கு முன்னால் பிடித்தார். காற்று பட்டது. "இளஞ்சூடா இருக்கு," என்றார் பக்கத்தில் நின்றவரிடம். அவரும் கையை நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் துணியை மறுபடி கட்டவில்லை. மனைவியை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, அந்தப் பெண் கேட்ட கேள்வியைச் சொன்னார். பொத்தான் போட்டு ஒரு படம், கழற்றி ஒரு படம், துணியை விலக்கி ஒரு படம், இந்த வாரமே போட வேண்டும் என்றார். மனைவி போனைத் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் சரியாக விழவில்லை என்று அவரைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தினார்.

"கழுத்து மட்டுமா, முகமும் வரட்டுமா?"

அவர் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"முகமும்."